இரண்டாவது சாவி

அக்கா,

"பூட்டு இல்லாத பைய உள்ள வாங்கறதில்லம்மா" என்ற குரல் நேற்றுக் காலை சென்ட்ரல் ஸ்டேஷன் கிளாக் ரூம் ஜன்னலிலிருந்து கேட்டது. சொன்னவர் புது ஆள், வாக்கியம் பழையது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். தோளைவிட அகலமான முதுகுப்பை, கலைந்த சடை, கையில் தண்ணீர் பாட்டில். "ஜிப் இருக்கே சார்" என்றாள். "ஜிப்பு பூட்டாகுமா?" என்றார் உள்ளே இருந்தவர். நான் என் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். நீ கொடுத்த பித்தளைப் பூட்டு அடியில் கிடந்தது. உங்கள் குப்பத்துக் கடற்காற்றில் பிடித்த பச்சைக் களிம்பு அதன் வளையத்தில் இன்னும் இருக்கிறது, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. முகர்ந்தால் கருவாட்டு வாசனை வருகிறது என்பேன். என் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்பார். இந்த விஷயத்தில் அவரை நான் நம்புவதில்லை.

அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஏன் தனியாக வந்திருக்கிறாள், வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாளா, அழுத கண்ணா தூங்காத கண்ணா என்றெல்லாம் மனம் துருவ ஆரம்பித்தது. இதெல்லாம் உன்னிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது.

நான் அங்கே போனது ஊரிலிருந்து வரும் அப்பாவை அழைத்துவர. ரயில் தாமதம். ஒரு மூட்டை கடலைக்காயோடு வருகிறார். மூட்டை எனக்கு இல்லை, நீ வார்டனாக இருந்த விடுதியின் பிள்ளைகளுக்கு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று போன மழைக்காலத்தில் அவரிடம் சொன்னதிலிருந்து ஒரே பிடிவாதம். "ஒருக்கா வந்து தலையக் காட்டீட்டுப் போறேன் கண்ணு. அந்தம்மா இல்லாம அந்தப் புள்ளைங்க என்ன பண்ணுதுங்களோ" என்கிறார். அப்படி ஒரு விடுதியே கிடையாது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அந்த மூட்டையை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று யோசித்துக்கொண்டுதான் கிளாக் ரூம் பக்கம் நின்றிருந்தேன்.

நான் உன்னை முதலில் பார்த்தது, செல்போன் பணக்காரர்கள் கையில் மட்டும் இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் மாநிலங்களையும் தலைநகரங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான். ஒப்பித்த ஊர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கரூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்துவைத்த சம்பளத்தில் ஒவ்வொரு தலைநகரமாக ரயிலேறிப் பார்ப்பது என்று கிளம்பினேன். முதலில் சென்னை, அப்புறம் ஹைதராபாத், புவனேஸ்வர், கல்கத்தா. அண்ணன் வீட்டுக்குள் குதியோ குதி என்று குதித்தான். அப்பா அரை மனதோடு தலையாட்டினார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் நாள் பொழுது சாய்வதற்குள், நான் தங்கும் பெண்கள் விடுதியின் வார்டன் அவரோடு போனில் பேசியாக வேண்டும். பேசாவிட்டால் அண்ணன் அன்றைக்கே ரயிலேறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவான். போனால் பயணம் அதோடு சரி, தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைகூடத் தயாராக இருந்தார்.

கூட வேலை பார்த்தவள் சொல்லி அனுப்பிய விடுதியில், உள்ளூரில் வேலை பார்க்கும் பெண்களைத்தான் சேர்ப்போம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். லாட்ஜுகளில் என் முகத்தைப் பார்த்தார்கள், பையைப் பார்த்தார்கள், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்கள். தனிப் பெண்ணுக்கு அறை இல்லை. ஒரு மேனேஜர் மட்டும் இருக்கிறது என்றார். அவர் சிரித்த விதம் பிடிக்காமல் நானே இறங்கி வந்துவிட்டேன். பையையாவது இறக்கிவைக்கலாம் என்றால் கிளாக் ரூமில் பூட்டு கேட்டார்கள். வாசலில் பூட்டு விற்றவன் சொன்ன விலையைக் கேட்டு, இவனும் அவர்களும் கூட்டாளிகள் என்று முடிவு கட்டினேன். திருவொற்றியூர் கோயில் பக்கம் தங்க மலிவாக இடம் கிடைக்கும் என்று பூக்காரி ஒருத்தி சொன்னாள். அவள் எதற்காகச் சொல்கிறாள் என்றும் சந்தேகம் வந்தது. ஆனாலும் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஏறினேன்.

அவசரத்தில் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் ஏறிவிட்டேன். கொருக்குப்பேட்டையில் நீ ஏறினாய். வாடிக்கை வீடுகளில் மீன் போட்டுவிட்டுக் காலி அலுமினியக் கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாய். என்னைவிட ஏழெட்டு வயது மூத்திருப்பாய். இரண்டு பக்கமும் மூக்குத்தி, முழங்கால்வரை தூக்கிச் செருகிய புடவை. எனக்கு எதிரே கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய்.

"இன்னாமே, மூட்டைய தூக்கிகினு எங்க போற?"

"கோயிலுக்குங்க."

"கோயிலுக்கு இம்மாம் பெரிய மூட்டையா? சாமிய உள்ள போட்டுகினு வரப் போறியா?"

பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கால் விரலால் என் பையின் அடியை லேசாக நெட்டி எடை பார்த்தாய். அதை நான் கவனித்துவிட்டேன். "ஒண்டியாவா வந்துகீற?" என்று கேட்டாய். அண்ணன் அடுத்த பெட்டியில் இருக்கிறார் என்றேன். நான் திருவொற்றியூரில் இறங்கினால், நீயும் இறங்கி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நின்றாய். ரயில் போகும்வரை நின்றாய். "உங்க அண்ணன் எங்கமே, தூங்கிகினே எண்ணூரு போயிட்டாரா?" என்றாய். நான் வேகமாக நடந்தேன். என் பைமேல் கண் வைத்துவிட்டாள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

கோயில் பக்கத்தில் குடும்பமாக வந்தால்தான் இடம் என்றார்கள். அதற்குமேல் போக எனக்கு இடம் தெரியவில்லை. கடலையாவது பார்ப்போம் என்று, கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு நின்ற நெடுஞ்சாலையைத் தாண்டி, சந்து வழியாக உங்கள் குப்பத்துக்குள் புகுந்து வந்தேன். மணலே இல்லை. கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். கரூர்க்காரிக்குக் கடல் என்றால் சினிமாவில் வரும் மணல்தான். கல்லாவது போகட்டும், காலையாவது நனைக்கலாம் என்று பையை ஒரு கல்லில் சாய்த்தேன். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். கைக்கடிகாரம் நனைந்துவிடும் என்று அதையும் கழற்றிச் செருப்புக்குள் வைத்தேன். அலை வந்து மோதும் கல் வரைக்கும் இறங்கி உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் வார்டனுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். அழுகை வந்தது. அழவில்லை என்று பிறகு உன்னிடம் சாதித்தேன். அழுதேன் அக்கா.

திரும்பிப் பார்த்தால் பை நகர்ந்துகொண்டிருந்தது. மீன்கூடை இருக்க வேண்டிய உன் தலையில் என் பை இருந்தது. என் செருப்பு உன் கையில். கல் மேலெல்லாம் தாவி நடந்து போய்க்கொண்டிருந்தாய். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் கத்திக்கொண்டே வெறுங்காலோடு ஓடி வந்தேன். சந்தில் நின்ற பெண்கள் யாரும் உன்னைத் தடுக்கவில்லை, எனக்கு வழி விட்டார்கள். ஊரே கூட்டுக் களவாணி என்று நினைத்துக்கொண்டேன்.

நீ உன் வீட்டுக்குள் போய், தகரப் பெட்டியைத் திறந்து, என் பையை அமுக்கித் திணித்து மூடி, பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகினாய். பிறகு வாசலில் வந்து உட்கார்ந்து, "குந்து" என்றாய்.

"என்ற பையக் குடுங்க."

"தரேன். மொதல்ல சோறு துன்னு."

"எனக்குச் சோறு வேண்டாங்க, பையக் குடுங்க. போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடு. நானும் அத்தத்தான் ரோசன பண்ணிகினு கீறேன்."

திருடி போலீசைப் பற்றி இப்படிப் பேசமாட்டாளே என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, போலீசும் இவள் ஆள்தான் என்று தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். "வாயத் தொறந்துச்சா?" என்று உன்னிடம் மெல்லக் கேட்டார்கள். "இன்னும் இல்ல" என்றாய். எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வலை விரித்துக் காயப்போட்டிருந்த நெத்திலிக்குக் காவலாக என்னை உட்காரவைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்தாய். என் பையைப் பூட்டி வைத்துவிட்டு உன் கருவாட்டுக்கு என்னையே காக்கா ஓட்டச் சொல்கிறாயே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் காக்கா வந்தால் கை தானாக ஓங்கியது. குச்சி கையில் இருந்த நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

சோறும் நெத்திலிக் குழம்பும் வந்தது. முதல் வாயை உருட்டி உங்கள் வாசல் நாய்க்குப் போட்டேன். அது தின்று, வாலை ஆட்டி, இன்னும் கேட்டு நின்ற பிறகுதான் நான் சாப்பிட்டேன். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். "வெசம் வெக்கறவ நெத்திலிலயாமே வெப்பா? அது இன்னா வெல விக்குது தெர்யுமா?" என்றாய். உனக்குக் கோபமே வரவில்லை. நம்பாமல் சாப்பிடுவது உனக்கு ஒரு குற்றமாகத் தெரியவில்லை. எனக்கு உன்னைப் பிடிக்கத் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கை கழுவியதும் விஷயத்துக்கு வந்தாய். "உங்க வூட்டு போன் நம்பர் சொல்லு. பைய தரேன்."

நம்பரைக் கொடுத்தால் அப்பாவை மிரட்டிப் பணம் பறிப்பாள். அதுவும் இல்லாமல் யாரோ ஒரு மீன்காரி போன் செய்தாலே போதும், அண்ணன் பெட்டியைக் கட்டிவிடுவான். நானே பேசுகிறேன் என்றேன். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப் போனாய். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை யாருமே இல்லாத எங்கள் கம்பெனி நம்பரைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதோடு நானாகப் பேசினேன். "அப்பா, நல்லா இருக்கறனுங்க. விடுதிக்கு வந்துட்டனுங்க." சிரித்தும் காட்டினேன். வெளியே வந்ததும் நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பூத்துக்காரரிடம், "பில்ல குடு நைனா" என்று கையை நீட்டினாய்.

"பில்லு எங்க வரும்? எட்த்தாத்தான வரும். ஒர்த்தருமே எடுக்கல" என்றார் அவர்.

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கோபம் இல்லை, பயம். "பீலா வுட்றியா? மணி அடிக்கற போனுல யார்கிட்டமே பேசுன?" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதியும்படி பிடித்தாய்.

"கைய விடுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நீ சாவக்கூடாது. அதான் வேணும்."

பூத்து வாசலில் வைத்துத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. சாக வருகிறவர்கள்தான் உங்கள் கல்லுக்கரையில் செருப்பை ஜோடியாக வைப்பார்கள். கடிகாரத்தைக் கழற்றி அதற்குள் போடுவார்கள். கால் நனைக்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் எங்கேயாவது உதறிவிட்டு இறங்குவார்கள். குப்பத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் நேரே போய் ஏதும் கேட்க மாட்டீர்கள். கேட்டால் அந்த நிமிஷமே குதித்துவிடுவார்கள் என்று ஒரு பயம். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னாலேயே வருவார்கள். வந்தவர்கள் வாயில் சோற்றையும் கையில் வேலையையும் கொடுத்து, வீட்டு நம்பரைப் பிடுங்கி, ஆள் வரவழைத்து அனுப்புவது உங்கள் வழக்கம்.

"போன வர்சம் ஒர்த்தி. உன் வயசுதான். இதே கல்லு. நானு கூடைய தூக்கிகினு அவளாண்டதான் போனேன். 'வெயில்ல குந்தினுகீறியே'ன்னு கேக்கலாம்னு வாய் வர்ட்டும் வந்துச்சு. யாபார அவசரம், போயிட்டேன்" என்றாய். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். தலைநகரங்கள், அண்ணன், தை மாதம், வார்டன். நீ ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. "பொம்பள ஒண்டியா, கை துட்ட செலவு பண்ணிகினு, ஊரு ஊரா சுத்திப் பாக்க வந்துகீற. இத்த நான் நம்பணும். யாருக்குமே காது குத்தற?" என்றாய். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வீட்டு நம்பரைச் சுழற்று, நான் பேசுகிறேன் என்றாய். வேறு வழியில்லை. உன்னோடு ஒரே கூண்டுக்குள் ஒட்டிக்கொண்டு நின்று சுழற்றினேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. நான் வாயைத் திறப்பதற்குள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாய். வந்து உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லப் போகிறாய், என் ஹைதராபாத் போயிற்று, கல்கத்தா போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அலோ" என்றாய்.

அப்பாவுக்குப் போனில் கத்தித்தான் பேசத் தெரியும். எனக்கும் கேட்டது. "வார்டனம்மாவுங்களா? புள்ள வந்து சேர்ந்துச்சுங்களா? சாப்டுச்சுங்களா? அழுவுதுங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாய்.

"ஆமாங்க. வார்டன்தான் பேசறேன். உங்க பொண்ணு நல்லா கீ... நல்லா இருக்குதுங்க. சாப்ட்டுச்சு. ரெண்டு தபா சோறு வாங்கிச்சு."

விடுதியின் பெயர் கேட்டார். நீ சற்றும் தயங்காமல் உன் பெயரைச் சொல்லி அதன் பின்னால் லேடீஸ் ஆஸ்டல் என்று சேர்த்தாய். பாதுகாப்பு எப்படி என்று கேட்டார். "ஆம்பள வாட எட்டிப் பாக்காதுங்க. வாசப்படில நான்தான் படுத்துப்பேன்." சாமான்களெல்லாம் பத்திரமா என்று கேட்டார். "பூட்டிட்டேங்க. சாவி என் இடுப்புலதான் இருக்குது." யோசித்துப் பார்த்தால் வார்டன், ஆஸ்டல் என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர அன்றைக்கு நீ பொய்யே சொல்லவில்லை. சோறு இரண்டு தரம் வாங்கினேன். உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். வாசற்படியில் குறுக்கே நீதான் படுத்தாய், நான் தாண்டிப் போய்விடக்கூடாது என்று.

ரிசீவரை வைத்ததும் உன் நெற்றியெல்லாம் வியர்வை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்க நைனா திட்டல. எங்க போனா, யார்கூட போனானு கேக்கல. துன்னியா, அழுவுறியானு கேட்டாரு. அந்த வூட்டுப் பொண்ணு சாவறதுக்கு வர்ல. நெசமாவே ஊரு சுத்தத்தான் வந்துகீற" என்றாய். "அப்பறம், இன்னா சும்மா நீங்க போங்கன்னுகினு. நீ வான்னே பேசு." பூத்துக்காரர் கொடுத்த பில்லை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாய். அதில் எங்கள் வீட்டு நம்பர் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு மறுபடியும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். தனியாக விட இன்னும் மனம் வரவில்லை உனக்கு. ஏலம் கூவுகிறவரின் தொண்டையும், பனிக்கட்டி உடைக்கும் சத்தமும், கால் வைத்த இடமெல்லாம் ஈரமுமாக இருந்தது. யாரோ ஒரு பெண் என்னைக் காட்டி, "யாருமே இது?" என்றாள். "எங்க ஆஸ்டல் பொண்ணு" என்றாய் நீ, வெற்றிலையை மென்றுகொண்டே. முதல் தலைநகரத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான். ஒரு கல்லுக்கரை, ஒரு பூத்து, ஒரு மீன் ஏலம். எல்லோரும் பார்க்கும் கடற்கரையையும் அருங்காட்சியகத்தையும் நான் பார்க்கப் பல வருஷம் ஆயிற்று.

ரயிலேற்ற வந்தபோது தகரப் பெட்டியின் பூட்டையே கழற்றி என் பை ஜிப்பில் மாட்டியிருந்தாய். ஒரு சாவியைக் கொடுத்தாய். இன்னொன்று எங்கே என்றேன். "அது என்னாண்ட இருக்கட்டும். உன்ன இன்னும் ஃபுல்லா நம்பல" என்றாய். உன் பெட்டிக்குப் பூட்டு வேண்டாமா என்றதற்கு, உள்ளே இருக்கிற கிழிந்த புடவைகளை எவன் தூக்கப் போகிறான் என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைநகரத்திலிருந்தும் அந்தப் பூத்துக்கு நான் போன் செய்வேன். பூத்துக்காரர் ஆள் அனுப்பி உன்னைக் கூப்பிடுவார். "எங்க கீற, கூட யாரு, இன்னா துன்ன, குரல் ஏன் ஒரு மாரி கீது" என்று குடைவாய். வைத்த கையோடு அப்பாவுக்கு வார்டன் குரலில் ஒரு போன் போடுவாய். விடுதியை விட்டுப் போன பிள்ளையைக்கூட விசாரிக்கிற இப்படியொரு வார்டன் உண்டா என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தை மாதம் வந்தது, போனது. மாப்பிள்ளைப் பேச்சு தானாக அடங்கிவிட்டது. வார்டன் சொன்னால் சரி என்று அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டான்.

பிறகு எனக்கு ராயபுரத்தில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, நீ மீன் விற்கிற சாக்கில் அவர் தெருவில் பல நாள் சுற்றிவந்து துப்புத் துலக்கினாய். கல்யாணத்துக்குக் கஞ்சி போட்ட காட்டன் புடவையும், பூத்துக்காரரிடம் இரவல் வாங்கிய மூக்குக் கண்ணாடியுமாக வந்தாய். ஒரு மூக்குத்தியைக் கழற்றிவிட்டிருந்தாய், வார்டனுக்கு இரண்டு ஆகாது என்று. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்று நீ தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பந்தியில் சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாய்.

சர்க்கரையில் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நர்ஸம்மாவை விடவில்லை. "இன்னா மருந்து அது, பாட்டில காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லோரையும் சந்தேகப்பட்ட நீ, சாவை மட்டும் எப்படி உள்ளே விட்டாய் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை அக்கா. காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் இடுப்புக் கயிற்றிலிருந்து கழற்றியது. "எந்தப் பூட்டுதுனு கேட்டா சொல்லவே மாட்டா. ஆஸ்டல் சாவின்னுவா. உனுக்கு எதுனா தெர்யுமாமே?" என்றார். நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து அது என் இடுப்பில் இருக்கிறது.

நேற்று அந்தப் பெண்ணிடம் போய்ப் பூட்டை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "எதுக்கு?" என்றாள். நல்லது, பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"தனியாவா வந்திருக்க?"

"இல்ல. அண்ணன் டிக்கெட் எடுக்கப் போயிருக்கான்."

நான் டிக்கெட் கவுன்டர் பக்கம் திரும்பி நின்று, அண்ணன் வரும்வரை காத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. அதற்குள் அவள் செல்போன் அடித்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள். காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன், எனக்கென்ன வெட்கம். "ஹாஸ்டலுக்கு வந்துட்டேம்மா... ஆமா, ரூம் குடுத்துட்டாங்க... வார்டனா? இங்கதான்... இப்ப வெளிய போயிருக்காங்கம்மா... இல்லம்மா, அப்பாவ அனுப்பாத, ப்ளீஸ்." குரல் உடைந்துகொண்டிருந்தது. அப்பாவின் ரயில் வந்துகொண்டிருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. அப்பாவுக்குக் காட்ட ஒரு விடுதிப் பிள்ளையும், கடலைக்காய் மூட்டையை இறக்குவதற்கு இடமும் கிடைத்துவிட்டன.

பூட்டை அவள் பை ஜிப்பில் நானே மாட்டி, ஒரு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு போனுக்காகக் கையை நீட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கரூர்க்காரி ஒருத்தி ஒரு காலத்தில் உன்னைப் பார்த்தாளே, அதே பார்வை. ஆனாலும் கொடுத்தாள்.

"வார்டன்தான் பேசறேங்க" என்றேன்.

அந்தத் தாய்க்கும் கத்தித்தான் பேசத் தெரியும். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள், கதவெல்லாம் பத்திரமா என்று கேட்டாள். விடுதியின் பெயர் கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன்.

"பூட்டியாச்சுங்க. சாவி என் இடுப்புலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தொட்டுப் பார்த்தேன். இருந்தது, அக்கா.